‘எ’, ‘ஆன்’, ‘தி’ தகராறு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘எ’, ‘ஆன்’, ‘தி’ என்ற ஆர்ட்டிகிள்களை எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதற்கான குறிப்பு இது. முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை. உங்கள் வாக்கியத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் சட்டென்று சரியாகும் காரணம் முதலில் வரும், மெனக்கெட வேண்டியது கடைசியில் வரும். ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். ‘எ’ என்று வருவது அந்த ஒற்றை எழுத்து ஆர்ட்டிகிள்.

மின்சார வேலைக்கு டெஸ்டர் போல இந்த வேலைக்கும் ஒரு கருவி வேண்டும். “எந்த?” என்ற கேள்விதான் அது. நீங்கள் சொன்ன பொருள் எது என்று கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்தால் ‘தி’ போடுங்கள். “எந்த?” என்று அவர் கேட்கக்கூடும், அல்லது எதுவானாலும் சரி என்று விட்டுவிடுவார் என்றால் ‘தி’ வேண்டாம். ‘தி’க்குப் பதில் ‘அந்த’ போட்டுப் பார்க்கும் பழைய உத்தியைவிட இது நம்பகமானது. ‘தி சன்’ என்பதை அந்தச் சூரியன் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் “எந்தச் சூரியன்?” என்று கேட்கவும் ஆளில்லை.

அறிகுறி: ‘எ’ போடுவதா, ‘ஆன்’ போடுவதா?

இது தமிழருக்குக் கைவந்த வேலை. ஒரு வீடு, ஓர் ஊர் என்று நாம் பிரிப்பது போலத்தான் ஆங்கிலமும் பிரிக்கிறது. எழுத்தை மறந்துவிட்டு ஒலியைப் பாருங்கள்.

முதல் சோதனை: ஆர்ட்டிகிளுக்கு அடுத்து வரும் சொல்லைத் தமிழில் எழுதுங்கள். அது உயிரெழுத்தில் தொடங்கினால் ‘ஆன்’, உயிர்மெய்யிலோ மெய்யிலோ தொடங்கினால் ‘எ’. குடை ‘அம்ப்ரெல்லா’, ஆகவே ‘ஆன்’. சீருடை ‘யூனிஃபார்ம்’, யூ உயிர்மெய், ஆகவே ‘எ’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றே. அந்த எழுத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்தான் இங்கே வழுக்கி விழுகிறார். நேர்மையைக் குறிக்கும் ‘ஆனஸ்ட்’, வாரிசைக் குறிக்கும் ‘ஏர்’, மணி நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ மூன்றிலும் முதல் எழுத்து ஊமை. எனவே மூன்றுக்கும் ‘ஆன்’.

இன்னும் தப்பு வருகிறதா? அடுத்து வரும் சொல்லுக்குப் பதில் பெயர்ச்சொல்லைப் பார்த்துவிட்டீர்களா என்று கவனியுங்கள். ‘ஆன் ஐடியா’ சரி. நடுவில் ஓர் அடைமொழி நுழைந்தால் ‘எ யூஸ்ஃபுல் ஐடியா’. அதேபோல் ‘எ கார்’, ஆனால் ‘ஆன் ஓல்ட் கார்’.

அப்படியும் சரியாகவில்லை என்றால் கோளாறு நம் உச்சரிப்பில் இருக்கிறது. ஆண்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை நம்மில் பலர் ‘இயர்’ என்கிறோம். அதனால் காதும் ஆண்டும் ஒன்றாகி, ஆண்டுக்கும் ‘ஆன்’ வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆண்டுக்குரிய சொல் ‘ய்’ ஒலியோடு தொடங்குகிறது, ‘யியர்’ என்று சொல்லிப் பழகுங்கள். ‘எ யியர்’ ஆண்டு, ‘ஆன் இயர்’ காது. பெண்ணுக்கான சொல் ‘வுமன்’, ‘உமன்’ அல்ல. எண் 1 ‘வன்’ என்று தொடங்குவதால் ‘எ வன்-வே ஸ்ட்ரீட்’. ‘யூரோப்பியன்’ என்பதும் ‘எ’ கூட்டம்தான்.

சுருக்கெழுத்துகளில் இன்னொரு பொறி உண்டு. எஃப், எச், எல், எம், என், ஆர், எஸ், எக்ஸ் ஆகிய 8 எழுத்துகளும் மெய்யெழுத்துகள்தான், ஆனால் அவற்றின் பெயர்கள் உயிரொலியில் தொடங்குகின்றன. எனவே ‘ஆன் எம்பிஏ’, ‘ஆன் எக்ஸ்-ரே’, ‘ஆன் எஸ்எம்எஸ்’. இதற்கு நேர்மாறாக ‘எ யூஎஸ்பி கேபிள்’. எழுத்துக்கூட்டாமல் சொல்லாகவே படித்தால் கணக்கு மாறும்: ‘ஆன் என்ஜிஓ’, ஆனால் ‘எ நாசா என்ஜினியர்’. எஸ்க்யூஎல் என்ற கணினி மொழியைச் சிலர் ‘சீக்வல்’ என்றும் படிக்கிறார்கள். எப்படிப் படிக்கிறீர்களோ அதற்கேற்ற ஆர்ட்டிகிளைப் போடுங்கள், ஆவணம் முழுக்க மாற்றாமல் வையுங்கள். எண்களில் 8, 11, 18, 80 முதல் 89 வரை எல்லாம் ‘ஆன்’.

அறிகுறி: பெயர்ச்சொல் மொட்டையாக நிற்கிறது

‘ஐ பாட் கார்.’ ‘ஷி இஸ் டாக்டர்.’ ‘ப்ளீஸ் ஓபன் விண்டோ.’

தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் எங்கும் கண்ணில் படும் கோளாறு இது. தமிழில் “கார் வாங்கினேன்” என்பதே முழு வாக்கியம். அந்தப் பழக்கம் அப்படியே ஆங்கிலத்துக்குள் வந்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ எண்ணக்கூடிய ஒருமைப் பெயர்ச்சொல் சாதாரண வாக்கியத்தில் தனியாக நிற்காது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குப்பை ஒழிந்துவிடும்.

சோதனை இப்படி. வாக்கியத்திலுள்ள ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் வட்டமிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். அது ஒன்றா? எண்ணக்கூடியதா? அதற்கு முன்னால் ‘மை’, ‘திஸ்’, ‘ஈச்’, ‘எனி’, ‘நோ’ போன்ற சொல்லோ எண்ணோ ‘ராமுஸ்’ போன்ற உடைமைப் பெயரோ ஏற்கெனவே இருக்கிறதா? ஒன்று, எண்ணலாம், முன்னால் எதுவும் இல்லை என்றால் ஆர்ட்டிகிள் விட்டுப்போயிருக்கிறது. ‘எ’ போடலாம், ‘தி’ போடலாம், அல்லது சொல்லைப் பன்மையாக்கலாம்.

எதைப் போடுவது என்று தயங்கினால் தமிழ் வாக்கியத்தின் ‘ஐ’ உருபைப் பாருங்கள். “புத்தகம் வாங்கினேன்” என்றால் ஏதோ ஒரு புத்தகம், ‘எ புக்’. “புத்தகத்தை வாங்கினேன்” என்றால் முன்பே பேச்சில் வந்த புத்தகம், ‘தி புக்’. தமிழில் ‘தி’ என்ற சொல் கிடையாது, ஆனால் அதன் வேலையில் ஒரு பங்கை இரண்டாம் வேற்றுமை சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

இந்தச் சோதனை பொய் சொல்லும் இடங்களும் உண்டு. மனிதர்களைச் சுட்டும்போது ‘ஐ’ பொதுவாக வந்துவிடும். “டாக்டரைப் பார்த்தேன்” என்பது ‘எ டாக்டர்’ ஆகவும் இருக்கலாம், ‘தி டாக்டர்’ ஆகவும் இருக்கலாம். விரும்பு, வெறு, நம்பு போன்ற வினைகளும் ‘ஐ’ கேட்கும். “சுதந்திரத்தை விரும்புகிறேன்” என்பதில் உருபு இருக்கிறது என்று ‘தி ஃப்ரீடம்’ எழுதினால் தப்பு. “ஒரு புத்தகத்தைப் படித்தேன்” என்று ‘ஒரு’வும் ‘ஐ’யும் சேர்ந்து வந்தால் ‘ஒரு’ சொல்வதைக் கேளுங்கள்: ‘எ புக்’.

தொழிலைச் சொல்லும் வாக்கியமா? “அவள் டாக்டர்” என்பதில் ‘ஒரு’ இல்லை. ஆங்கிலத்தில் கட்டாயம் வேண்டும்: ‘ஷி இஸ் எ டாக்டர்’, ‘ஹி வர்க்ஸ் ஆஸ் ஆன் என்ஜினியர்’. ஒருவர் மட்டுமே வகிக்கும் பதவிக்குத் தேர்வானதைச் சொல்லும்போது மொட்டையாக விடலாம்: ‘ஷி வாஸ் எலெக்டட் பிரெசிடென்ட்’.

செய்தித் தலைப்பு, அறிவிப்புப் பலகை, இயந்திரத்தின் மேல் ஒட்டிய குறிப்பு ஆகியவற்றைப் பார்த்துப் பழகியதாலும் இந்தக் கோளாறு வரும். அங்கே இடத்தை மிச்சம் பிடிக்க ஆர்ட்டிகிளை வெட்டுவது வழக்கம். அந்த வெட்டலை மின்னஞ்சலுக்குக் கொண்டுவராதீர்கள்.

ஒரே ஒரு ‘எ’ விழுந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு நிலவிலேயே சான்று இருக்கிறது. 1969 ஜூலையில் நீல் ஆர்ம்ஸ்ட்ராங் சொன்னது ‘ஒன் ஸ்மால் ஸ்டெப் ஃபார் மேன்’ என்றுதான் உலகம் கேட்டது. ‘எ மேன்’ என்று சொல்ல நினைத்ததாக அவர் பின்னர் கூறினார். ‘எ மேன்’ ஒரு மனிதன். ‘எ’ இல்லாத ‘மேன்’ மனித இனம். ‘எ’ இல்லாவிட்டால் அடுத்து வரும் ‘மேன்கைண்ட்’ என்பதும் அதே பொருளைத் தந்துவிடுகிறது, வாக்கியம் தன்னையே முறித்துக்கொள்கிறது.

அறிகுறி: ‘எ’ போட்டீர்கள், திருத்துபவர் அடித்துவிட்டார்

‘ஆன் இன்ஃபர்மேஷன்’, ‘ஆன் அட்வைஸ்’, ‘எ ஃபர்னிச்சர்’, ‘எ குட் நியூஸ்’.

தமிழில் ஒரு தகவல், ஓர் அறிவுரை, ஒரு நல்ல செய்தி என்று தாராளமாக எண்ணலாம். ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் தண்ணீர் மாதிரி, எண்ணிக்கைக்கு வராது. எக்விப்மென்ட், லக்கேஜ், ஹோம்வொர்க், சாஃப்ட்வேர், ட்ராஃபிக், எவிடென்ஸ், நாலெட்ஜ், ரிசர்ச் எல்லாம் இதே குடும்பம். நாலெட்ஜ் மட்டும் ‘எ குட் நாலெட்ஜ் ஆஃப்’ என்ற தொடரில் ‘எ’ ஏற்கும்.

சரிசெய்ய மூன்று வழி. ‘எ’யை எடுத்துவிடுங்கள். அல்லது ‘சம்’ போடுங்கள். ஒன்று என்று சொல்லியே ஆகவேண்டும் என்றால் அளவைச் சொல் சேருங்கள்: ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’. சாஃப்ட்வேருக்கு ‘எ ப்ரோக்ராம்’, லக்கேஜுக்கு ‘எ பேக்’ என்று எண்ணக்கூடிய மாற்றுச் சொல்லுக்குத் தாவுவது இன்னும் இயல்பு.

பட்டியலை மனப்பாடம் செய்தும் தவறு தொடர்கிறது என்றால் நீங்கள் மாட்டியிருப்பது இரட்டை வேடச் சொல்லில். ‘பேப்பர்’ என்றால் காகிதம், ‘எ பேப்பர்’ என்றால் நாளிதழ் அல்லது ஆய்வுக் கட்டுரை. ‘க்ளாஸ்’ கண்ணாடி, ‘எ க்ளாஸ்’ குவளை. ‘அயர்ன்’ இரும்பு, ‘ஆன் அயர்ன்’ இஸ்திரிப் பெட்டி. ‘எக்ஸ்பீரியன்ஸ்’ பணி அனுபவம், ‘ஆன் எக்ஸ்பீரியன்ஸ்’ வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சி. பணி விண்ணப்பத்தில் ‘ஐ ஹாவ் ஆன் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதினால் ஏதோ சம்பவம் சொல்லப் போகிறீர்கள் என்று தோன்றும்.

இதற்கு ஊகம் உதவாது, அகராதிதான் வழி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் ஆகியவை மொழி கற்பவர்களுக்கென்று வெளியிடும் அகராதிகளில் ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணலாமா கூடாதா என்ற குறி இருக்கும். எண்ணலாம் என்றால் ‘சி’, கூடாது என்றால் ‘யூ’. சொல்லுக்கு மேலே உள்ள குறியோடு நின்றுவிடாமல், நீங்கள் எடுத்துக்கொண்ட பொருளுக்கு நேரே உள்ள குறியைப் பாருங்கள்.

அறிகுறி: எல்லாவற்றுக்கும் ‘தி’ போட்டுவிடுகிறீர்கள்

‘தி லைஃப் இஸ் ஹார்ட்.’ ‘தி டாக்ஸ் ஆர் லாயல்.’ ‘ஐ லவ் தி நேச்சர்.’

மொட்டையாக விடாதே என்று திட்டு வாங்கியவர் அடுத்து விழும் குழி இது. முதல் சோதனை: பொதுவாகச் சொல்கிறீர்களா, குறிப்பிட்டதைச் சொல்கிறீர்களா? உலகத்து நாய்கள் எல்லாம் என்றால் ‘டாக்ஸ் ஆர் லாயல்’. எதிர்வீட்டு நாய்கள் என்றால் ‘தி டாக்ஸ்’. பன்மையும் எண்ண முடியாத சொல்லும் பொதுப்பொருளில் வரும்போது ஆர்ட்டிகிள் இல்லாமலே நிற்கும். அவை மொட்டை என்று பயப்பட வேண்டாம், மொட்டை விதி ஒருமைக்கு மட்டும்தான். இயற்கை என்ற பொருளில் ‘நேச்சர்’, பொதுவான சமூகம் என்ற பொருளில் ‘சொசைட்டி’, விண்வெளி என்ற பொருளில் ‘ஸ்பேஸ்’ மூன்றுக்கும் ‘தி’ இல்லை.

இரண்டாவது சோதனை: பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் அதைக் கட்டிப்போடும் தொடர் ஏதாவது இருக்கிறதா? ‘லைஃப்’ பொது, ‘தி லைஃப் ஆஃப் எ சோல்ஜர்’ குறிப்பிட்டது. ‘யூரோப்பியன் ஹிஸ்டரி’, ஆனால் ‘தி ஹிஸ்டரி ஆஃப் யூரோப்’. அதற்காக ‘ஆஃப்’ கண்ட இடமெல்லாம் ‘தி’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ‘ஐ ஆம் தி மெம்பர் ஆஃப் திஸ் க்ளப்’ என்றால் அந்தச் சங்கத்துக்கு நீங்கள் ஒருவர்தான் உறுப்பினர் என்று ஆகிவிடும். பலரில் ஒருவர் என்றால் ‘எ மெம்பர்’.

பொதுப்பொருளிலேயே ‘தி’ வரும் இடங்களும் உண்டு. கண்டுபிடிப்பு, இசைக்கருவி, உயிரின வகை ஆகியவற்றை ஒருமையில் சொல்லும்போது: ‘ஹூ இன்வென்டட் தி டெலிஃபோன்’, ‘ஷி ப்ளேஸ் தி வயலின்’, ‘தி டைகர் இஸ் இன் டேஞ்சர்’. அடைமொழியால் ஒரு கூட்டத்தையே குறிக்கும்போதும் அப்படித்தான்: ‘தி ரிச்’, ‘தி புவர்’. விளையாட்டுகளுக்கு மட்டும் கிடையாது: ‘ஷி ப்ளேஸ் செஸ்’.

அறிகுறி: படித்தவர் “எதைச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டு எழுதுகிறார்

இலக்கணம் சரி, பொருள் குழப்பம். ‘ஐ சென்ட் தி ரிப்போர்ட்’ என்று எழுதினீர்கள், அப்படி ஓர் அறிக்கை இருப்பதே அவருக்குத் தெரியாது. உங்கள் மனதில் அது தெளிவாக இருப்பதால் ‘தி’ வந்துவிட்டது. ஆனால் ‘தி’ கேட்பவரின் மனதைச் சார்ந்தது. முதன்முறை அறிமுகம் என்றால் ‘எ ரிப்போர்ட்’, அடுத்த வரியிலிருந்து ‘தி ரிப்போர்ட்’. பெயர் சொல்லாமலே இருவருக்கும் தெரிந்தது என்றால் முதல் முறையே ‘தி’ போடலாம்: ‘ஷட் தி டோர்’. ஒரு பொருளை அறிமுகம் செய்தால் அதன் உறுப்புகளும் அறிமுகமானவையே: ‘ஐ பாட் எ கார், பட் தி என்ஜின்…’ என்று தொடரலாம்.

அறிகுறி: ஊர், நாடு, ஆறு, நிறுவனப் பெயர்களில் குளறுபடி

நாட்டுப் பெயர் பன்மையாகவோ, கிங்டம், ஸ்டேட்ஸ், ரிபப்ளிக் போன்ற பொதுச்சொல் கலந்ததாகவோ இருந்தால் ‘தி’ வரும்: தி நெதர்லாண்ட்ஸ், தி ஃபிலிப்பீன்ஸ், தி யுனைடெட் கிங்டம். ‘தி செக் ரிபப்ளிக்’ என்பதையே சுருக்கி ‘செக்கியா’ என்றால் ‘தி’ உதிர்ந்துவிடும். மற்ற நாடுகளுக்கு இல்லை. தி காம்பியா ஒரு விதிவிலக்கு. 1991இல் தனி நாடான உக்ரைனைப் பழைய நூல்களில் ‘தி’ சேர்த்து எழுதியிருப்பார்கள், அதைப் பின்பற்ற வேண்டாம். ஒரு பெருநாட்டின் பகுதி என்ற தொனியை அது தருகிறது என்று அந்நாட்டவர் ஏற்பதில்லை.

ஆறு, கடல், பெருங்கடல், பாலைவனம், மலைத்தொடர், தீவுக்கூட்டம் எல்லாவற்றுக்கும் ‘தி’: தி நைல், தி பசிஃபிக், தி சஹாரா, தி ஹிமாலயாஸ், தி மால்டீவ்ஸ். தனி மலை, தனி ஏரி, தனித் தீவு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இல்லை: மவுண்ட் எவரெஸ்ட், லேக் விக்டோரியா.

பல்கலைக்கழகத்தில் ‘ஆஃப்’ இருக்கிறதா என்று பாருங்கள். ‘தி யூனிவர்சிட்டி ஆஃப் ஆக்ஸ்ஃபோர்ட்’, ஆனால் ‘ஆக்ஸ்ஃபோர்ட் யூனிவர்சிட்டி’. அமைப்புகளின் சுருக்கப் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தால் பெரும்பாலும் ‘தி யூஎன்’, ‘தி பிபிசி’. சொல்லாகப் படித்தால் நேட்டோ, யுனெஸ்கோ, நாசா என்று தனியே நிற்கும். தொழில் நிறுவனங்களும் கல்வி நிறுவனங்களும் இந்தக் கணக்குக்கு அடங்காதவை. ஐபிஎம், எம்ஐடி இரண்டும் எழுத்தெழுத்தாகப் படிக்கப்படுபவை, ‘தி’ கிடையாது. சந்தேகம் வந்தால் அந்த நிறுவனம் தன்னைப் பற்றி எழுதிய வாக்கியத்தைப் பார்ப்பதே விரைவான வழி.

அறிகுறி: ஸ்கூலுக்கு ‘தி’ உண்டா இல்லையா?

போகும் நோக்கத்தைப் பாருங்கள். படிக்கப் போகும் பிள்ளை ‘கோஸ் டு ஸ்கூல்’. பிள்ளையை அழைத்துவரப் போகும் பெற்றோர் ‘கோ டு தி ஸ்கூல்’. சிறையில் இருப்பவர் ‘இன் ப்ரிஸன்’, அவரைப் பார்க்கப் போகிறவர் ‘அட் தி ப்ரிஸன்’. தூங்கப் போவது ‘கோ டு பெட்’. மருத்துவமனை மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். நோயாளி பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘இன் ஹாஸ்பிட்டல்’, அமெரிக்க ஆங்கிலத்தில் ‘இன் தி ஹாஸ்பிட்டல்’. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து ஆவணம் முழுக்க அதையே வையுங்கள். ‘பை பஸ்’, ஆனால் ‘ஆன் தி பஸ்’ (இந்த ‘ஆன்’ ஆர்ட்டிகிள் அல்ல, பஸ்ஸில் என்பதன் ‘இல்’ போன்ற வேறு சொல்). ‘அட் நைட்’, ஆனால் ‘இன் தி மார்னிங்’. இவற்றில் காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், தொடராகவே வாயில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சில்லறைக் கோளாறுகள்

முன்னொட்டு இரண்டு மோதுகின்றனவா? ‘எ மை ஃப்ரெண்ட்’, ‘தி மை புக்’ எதுவும் செல்லாது. ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’ என்று திருப்பிப் போடுங்கள்.

‘சேம்’ ஏறக்குறைய எப்போதும் ‘தி’ கேட்கும். ‘ஒன்லி’, ‘ஃபர்ஸ்ட்’, ‘பெஸ்ட்’ பெரும்பாலும் கேட்கும். ஆனால் உடன்பிறப்பு இல்லாத பிள்ளை ‘ஆன் ஒன்லி சைல்ட்’, மறுவாய்ப்பு ‘எ செகண்ட் சான்ஸ்’. பெரும்பாலானோர் என்பதற்கு ‘மோஸ்ட் பீப்பிள்’ போதும், ‘தி மோஸ்ட் பீப்பிள்’ பிழை.

‘எ ஃப்யூ பீப்பிள் கேம்’ என்றால் சிலர் வந்தார்கள். ‘எ’யை விட்டு ‘ஃப்யூ பீப்பிள் கேம்’ என்றால் சிலர்தான் வந்தார்கள். தமிழில் ‘தான்’ தரும் குறைபாட்டுத் தொனியை ஆங்கிலம் ‘எ’யை நீக்கித் தருகிறது. ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ இரண்டுக்கும் இதே கணக்கு.

எல்லாம் பார்த்தும் சந்தேகம் தீரவில்லையா?

தானியங்கித் திருத்தியை முதலில் ஓட்டுங்கள். ‘எ’, ‘ஆன்’ குழப்பத்தையும் மொட்டை ஒருமையையும் அது நன்றாகவே பிடிக்கும். ‘எ’யா ‘தி’யா என்ற கேள்வியில் அதன் சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். உங்கள் வாசகருக்கு எது முன்பே தெரியும் என்பதை அது ஊகிக்கத்தான் முடியும்.

அடுத்த கட்டம், ஒரு தொடரை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் எப்படி எழுதுகிறார்கள் என்று தேடுவது. கூகுளின் என்கிராம் வியூவரில் இரண்டு வடிவங்களையும் காற்புள்ளியிட்டுக் கொடுத்தால் அச்சான நூல்களில் எது அதிகம் என்று கோடு வரைந்து காட்டும். ‘கோகா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க ஆங்கிலத் தரவகத்தில் 1990 முதல் 2019 வரையிலான 100 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. அங்கே தொடரை முழு வாக்கியத்தோடு பார்க்கலாம். எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் 10 வாக்கியங்களையாவது படியுங்கள்.

மின்னஞ்சலுக்கும் வகுப்புக் கட்டுரைக்கும் இதற்கு மேல் செலவு செய்யத் தேவையில்லை. ஆய்விதழுக்குப் போகும் கட்டுரை என்றால் தொழில்முறை எடிட்டரிடம் கொடுங்கள். முதலில் 2 பக்கம் மட்டும் கொடுத்து, திரும்பி வந்த திருத்தங்களை மேலே உள்ள அறிகுறிகளாகப் பிரித்து எண்ணுங்கள். ஒரே அறிகுறி திரும்பத் திரும்ப வந்தால் மீதிப் பக்கங்களில் அதை நீங்களே களைந்துவிட்டு அனுப்பலாம், எடிட்டரின் வேலையும் கட்டணமும் குறையும்.

ஒப்பந்தம், உயில், காப்புரிமை விண்ணப்பம் மூன்றிலும் நீங்களே கைவைக்காதீர்கள். ‘எ டைரக்டர் மே சைன்’ என்றால் இயக்குநர்களில் யார் வேண்டுமானாலும் கையெழுத்திடலாம். ‘தி டைரக்டர்’ என்றால் முன்பே குறிப்பிட்ட அந்த ஒருவர். காப்புரிமைக் கோரிக்கையில் ஓர் உறுப்பை முதன்முறை ‘எ’ போட்டு அறிமுகம் செய்யாமல் நேரே ‘தி’ போட்டால், எதைச் சுட்டுகிறது என்று தெளிவில்லை எனப் பரிசோதகர் ஆட்சேபிப்பார். அங்கே ஆர்ட்டிகிளைத் திருத்த வேண்டியவர் அந்தத் துறை வழக்கறிஞர். மொழி எடிட்டர் கண்ணுக்கு அழகாக மாற்றிய ஒரு ‘தி’ உரிமையின் எல்லையையே நகர்த்திவிடக்கூடும்.